பழைய பிளேயர் பியானோவைச் சீரமைக்க விரும்பும் புதியவர்: எதை முதலில் கழற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

தச்சுமேசை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காகிதச் சுருளை மாட்டி மிதிகளை மிதித்தால் தானாகவே இசைக்கும் பழைய பிளேயர் பியானோ ஒன்று, குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் மறைவுக்குப் பிறகு என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக யாரும் அதை இயக்கவில்லை. மரவேலை எனக்குப் பழக்கமான வேலைதான். நாற்காலி, பெட்டி, அலமாரி ஆகியவற்றைப் பழுது பார்த்திருக்கிறேன். ஆனால் பியானோவின் உள்ளே இதுவரை கை வைத்ததில்லை, காற்றால் இயங்கும் எந்தக் கருவியையும் பிரித்துப் பார்த்ததும் இல்லை.

முன்பலகைகளைக் கழற்றிப் பார்த்தேன். மேற்பகுதியில், சுருள் நகரும் இடத்துக்குப் பின்னால், நெருக்கமான துளைகளுடன் ஒரு பித்தளைப் பட்டை இருக்கிறது. அதன் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு ரப்பர்க் குழாய் கீழிறங்கி மரப்பெட்டி ஒன்றுக்குள் போகிறது. மிதிகளுக்குப் பின்னால் பெரிய துருத்திகள் இருக்கின்றன. குழாய்களில் ஒன்றை லேசாக வளைத்தபோது அது காய்ந்த சுள்ளிபோல் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. துருத்தித் துணியின் மடிப்பைத் தடவினால் விரலில் கறுப்புத் தூள் ஒட்டுகிறது. இருந்தபோதிலும், மிதித்துப் பார்த்தபோது உஸ்ஸென்ற இரைச்சலுக்கு நடுவே சுருளைச் சுற்றும் மோட்டார் சற்றே அசைந்தது. நடுப்பகுதியில் நான்கைந்து சுரங்கள் ஒலிக்கவும் செய்தன. அந்த ஒலியைக் கேட்ட பிறகு இதை வேறு யாரிடமும் கொடுத்துவிட மனம் வரவில்லை.

கசியும் இடங்களை மட்டும் அடைத்தால் போதுமா, முழுவதையும் பிரித்துத்தான் ஆக வேண்டுமா? பிரிப்பதானால் எங்கிருந்து தொடங்க வேண்டும்? என்னைப் போன்ற ஒருவர் செய்யக்கூடிய வேலைதானா இது?

பழையசுருள் எழுதியது:

செய்யக்கூடிய வேலைதான். மரவேலை தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதிக்குத் தேவைப்படுவது பொறுமையும் ஒழுங்கும். ஆனால் இந்த மடலைப் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து இன்னொரு திருகாணியைக்கூடக் கழற்றாதீர்கள்.

முதலில் கருவி இயங்கும் விதத்தை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பழுதைத் தேடும் வழி அதிலிருந்துதான் பிறக்கிறது. ஆர்மோனியத்தின் துருத்தி காற்றை நாக்குகளின் மீது தள்ளுகிறது. பிளேயர் பியானோவின் துருத்தியோ காற்றை உள்ளிருந்து உறிஞ்சி வெளியேற்றுகிறது. நீங்கள் மிதிக்கும்போது மிதித் துருத்திகள் உள்ளே உறிஞ்சுவிசையை உண்டாக்குகின்றன. பக்கத்திலிருக்கும் சேமத் துருத்தி அந்த விசையை ஏற்ற இறக்கமின்றி வைத்திருக்கிறது. மேலே காகிதம் பித்தளைப் பட்டையின் துளைகளை மூடியபடி நகர்கிறது. காகிதத்தில் வெட்டப்பட்ட துளை பட்டையின் துளைக்கு நேராக வரும் அந்தக் கணத்தில் வெளிக்காற்று குழாய் வழியாக நுழைந்து, ஒரு சிறு தோல் சவ்வின் அடியில் போய்ச் சேர்கிறது. சவ்வு உப்பி ஒரு வால்வைத் தூக்குகிறது. வால்வு உயர்ந்ததும் அந்தச் சுரத்துக்குரிய சிறு துருத்தி வெளிக்காற்றிலிருந்து துண்டிக்கப்பட்டு உறிஞ்சுவிசையுடன் இணைந்து சட்டென்று சுருங்குகிறது. அந்த அசைவு பியானோவின் சுத்தியலைத் தந்தியின் மீது எறிகிறது. காகிதம் துளையை மீண்டும் மூடியவுடன், சவ்வின் அடியில் தங்கிய காற்று ஊசிமுனை அளவுள்ள கசிவுத் துளை வழியாக வெளியேற, வால்வு இறங்குகிறது, துருத்தி விரிகிறது. இவ்வளவும் 88 சுரங்களுக்கும் தனித்தனியாக நடக்கிறது. எட்வின் வோட்டி 1895-ஆம் ஆண்டு உருவாக்கிய பியானோலாவிலும் இதே கோட்பாடுதான். அது பியானோவின் முன்னால் நிறுத்தப்படும் தனிப் பெட்டியாக இருந்தது, பின்னர் அந்தப் பொறி பியானோவின் வயிற்றுக்குள்ளேயே குடியேறியது.

வானொலியும் இசைத்தட்டும் பரவி, 1929-இன் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டதில் இந்தத் தொழில் 1930-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய முடிந்துபோயிற்று. ஆகவே உங்கள் கருவியின் துணியும் ரப்பரும் மாற்றப்படாதவையாக இருந்தால் அவற்றுக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல் ஆகிறது. உங்கள் முதல் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது. நான் என் முதல் கருவியில் கிழிந்த துருத்திகளை மட்டும் மாற்றினேன். உறிஞ்சுவிசை கூடியதும், அதுவரை தாக்குப்பிடித்திருந்த பழைய துணிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிப்பில் விரிசல் விட்டன; அடுத்த ஆண்டே எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. ஒரே வயதுள்ள துணிகள் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் சாகும்.

தொடங்க வேண்டிய இடம் கீழ்ப்பகுதி. மேலே செல்லும் பெரிய குழாயையும் மோட்டாருக்குச் செல்லும் குழாயையும் கழற்றி, அந்த வாய்களைத் தக்கையால் இறுக அடைத்துவிட்டு மிதியுங்கள். கீழ்ப்பகுதி நலமாக இருந்தால் நான்கைந்து மிதிகளுக்குள் மிதி இறுகிக் காலை எதிர்க்கும். சேமத் துருத்தி மூடிக்கொள்ளும். நிறுத்திய பிறகு அது மெல்ல மெல்லத்தான் விரிய வேண்டும். பத்து வினாடிக்குள் முழுவதும் விரிந்துவிட்டால் கசிவு இருக்கிறது என்பது என் அளவுகோல். இதைச் சரிசெய்யாமல் மேற்பகுதியில் எதைத் தேடினாலும் வீண் உழைப்புதான்.

ஒரு எச்சரிக்கை. சேமத் துருத்தியின் உள்ளே அதை விரித்து வைக்கும் வில்கள் வலுவானவை. துணியை அறுக்கும் முன் பலகைகளைக் கயிற்றால் கட்டியோ கவ்வியால் பிடித்தோ வைத்துக்கொள்ளுங்கள். வில் தெறித்தால் விரல் போய்விடும்.

சுருதிசேர்ப்பவர் எழுதியது:

மேலே நண்பர் சொன்னதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. பிளேயர் பொறி எவ்வளவு அழகாக இயங்கினாலும் அது இசைப்பது இந்தப் பியானோவைத்தான். பியானோவே தாங்காத நிலையில் இருந்தால், பொறியில் செலவிடும் மாதங்கள் அனைத்தும் பாழ்.

தந்திகள் ஏறத்தாழ 230 இருக்கும். அவை அனைத்தும் சேர்ந்து வார்ப்பிரும்புச் சட்டத்தை இழுக்கும் விசை சுமார் 18 டன். அந்த விசையைத் தாங்கும் ஆணிகள் பதிந்திருக்கும் மரப்பலகை பிளந்திருந்தால் சுருதி நிற்காது. ஆகையால் அனுபவமுள்ள ஒரு சுருதி வல்லுநரை அழைத்து, ஆணிகளின் இறுக்கம், சட்டத்தில் விரிசல், ஒலிப்பலகையின் நிலை ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சுத்தியல்களின் கம்பளி உறைகளை அந்துப்பூச்சி அரித்திருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம்.

நீண்ட நாள் தளர்ந்து கிடந்த தந்திகளை ஒரே மூச்சில் இன்றைய பொது அளவான 440 ஹெர்ட்ஸ் சுருதிக்கு ஏற்ற முயன்றால் துருவேறியவை அறுந்துவிடும். படிப்படியாக ஏற்றுவது ஒரு வழி. அரைச் சுரம் தாழ்த்தியே நிறுத்திவிடுவது இன்னொரு வழி. பிற கருவிகளுடன் சேராமல் தனியாகவே இசைக்கும் கருவிக்கு இரண்டாவதில் எந்தக் குறையும் இல்லை என்பது என் கருத்து. கீச்சிடும் எதன் மீதும் எண்ணெய் தெளிப்பான் எதையும் அடிக்காதீர்கள். கம்பளியும் மரமும் அதைக் குடித்து வீங்கி, அசைய வேண்டிய மூட்டுகள் இறுகிவிடும்.

தச்சுமேசை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன். வல்லுநர் ஒருவர் வந்து பார்த்தார். ஆணிகள் பிடிப்புடன் இருக்கின்றன, சட்டத்தில் விரிசல் இல்லை, மேல்சுரங்களில் ஐந்து தந்திகள் மட்டும் இல்லை என்றார். அரைச் சுரம் தாழ்த்தி வைக்கலாம் என்பதே அவருடைய யோசனையும்.

கீழ்ப்பகுதிச் சோதனையில் மிதி கடைசிவரை இறுகவே இல்லை. சேமத் துருத்தி பாதிகூட மூடவில்லை. மிதித் துருத்திகளை வெளியே எடுத்துப் பார்த்தபோது, உட்புறத் துளைகளை மூடித் திறக்க வேண்டிய தோல் மடல்கள் காய்ந்து, வெயிலில் கிடந்த இலைபோல் ஓரம் சுருண்டிருந்தன. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மடிப்பு நெடுகிலும் விண்மீன்கள் தெரிகின்றன.

மேற்பகுதியில் கவலை தரும் ஒன்றைக் கண்டேன். சிறு துருத்திகள் மூன்று தட்டுகளில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் பதினொன்றை முன்பு யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். தச்சு வேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையால் ஒட்டி, மேலே நாடாவும் சுற்றியிருக்கிறார்கள். எந்தப் பசையைப் பயன்படுத்துவது, துணியை எப்படி மாற்றுவது என்று சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

பழையசுருள் எழுதியது:

இந்த வேலையின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டீர்கள். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

பசை வச்சிரம்தான். பழைய தச்சர்கள் காய்ச்சிப் பயன்படுத்திய அதே விலங்குத் தோல் பசை. மணிகளைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அவை நீரை உறிஞ்சி உப்பிய பிறகு, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்த சிறு கிண்ணத்தில் உருக்குங்கள். வெப்பம் 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கட்டும். கொதிக்க விட்டால் பசையின் வலிமை போய்விடும். தூரிகையிலிருந்து சொட்டும்போது அறுபடாத நூலாக இறங்கினால் பதம் சரி. கணநேரத்தில் பிடித்துக்கொள்ளும் என்பதால் கவ்விகள் அதிகம் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரமும் சூடும் பட்டால் அது விட்டுக்கொடுக்கும். இன்னும் நாற்பது ஆண்டுகள் கழித்து இந்தத் துணியை மீண்டும் மாற்ற வேண்டிவரும். அந்த வேலையைச் செய்பவர் மரத்தைச் சிதைக்காமல் பிரிக்க முடிய வேண்டும். வெள்ளைப் பசை, சிலிக்கோன், இரசாயனக் கலவைப் பசைகள் ஆகியவற்றை நான் முற்றிலும் தவிர்ப்பதற்கு இதுவே காரணம். வெள்ளைப் பசை மரத்தின் நுண்துளைகளில் இறங்கிவிட்டால் அதன் மேல் வச்சிரம் பிடிக்காது. உங்கள் பதினொரு துருத்திகளிலும் அந்தப் பசையை வெறும் மரம் தெரியும்வரை சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாக வேண்டும். பலகை மெலிந்துபோனால் அதே கனத்தில் புதிய பலகை செய்துவிடுங்கள். அது உங்களுக்குக் கடினமாக இருக்காது.

தட்டிலிருந்து பிரிக்கும் முன் ஒவ்வொரு சிறு துருத்திக்கும், அது அமர்ந்திருக்கும் இடத்துக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்; ஆனால் காற்றுத்துளை சற்றே தள்ளியிருக்கும், ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் பொருந்தாது. எல்லாப் பக்கங்களிலிருந்தும் நிழற்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அகலமான மெல்லிய பட்டிக் கத்தியை ஒட்டுவாயில் வைத்து, மரநாரின் போக்கிலேயே மெதுவாகத் தட்டுங்கள். காய்ந்த பழைய வச்சிரம் பெரும்பாலும் சிறு வெடிப்பொலியுடன் சுத்தமாக விட்டுவிடும். மரம் செதிலாகப் பெயர்வதைப் பார்த்தவுடன் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து முயலுங்கள்.

துணியைக் கழற்றுவதற்கு முன்பே துருத்தி முழுவதும் விரிந்த நிலையில் வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்து, அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். புதுத் துணி போடும்போது இரு பலகைகளுக்கும் நடுவே அந்தக் கட்டையைச் செருகினால் 88 துருத்திகளும் ஒரே அளவில் திறக்கும். துணி ரப்பர் பூசிய மெல்லிய பருத்தித் துணியாக இருக்க வேண்டும். கீழ்ப்பகுதிக்கு உரிய கனத்த துணியை இங்கே போட்டால் விறைத்துக்கொண்டு, விரைவாக வரும் சுரங்கள் விழுங்கப்பட்டுவிடும். புதிய துணியை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். காற்று துளியும் வரக்கூடாது. பலகைகளின் ஓரத்தில் பசை தடவி, முதலில் திறந்த வாய்ப்பக்கத்தையும், பிறகு இரு பக்கவாட்டுகளையும் ஒட்டி, கீல் பக்கத்தில் முனைகளைச் சேருங்கள். காய்ந்த பிறகு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துணியைக் கத்தரியுங்கள்.

தோல் சவ்வுகளைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மென்மையாகவும் துளையின்றியும் இருந்தால் விட்டுவிடலாம். மாற்றினால் விளிம்பில் மட்டும் பசை இருக்கட்டும். நடுவில் ஒரு சொட்டு பட்டாலும் சவ்வு விறைத்துவிடும். கசிவுத் துளைகளில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கும். அவற்றை ஊதியோ உறிஞ்சியோ சுத்தம் செய்யுங்கள், ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

ஈயக்குழாய் எழுதியது:

நண்பரின் அறிவுரையில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். முழுவதையும் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டுமா என்பதில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. புதியவர் 88 துருத்திகளையும் முந்நூறுக்கும் மேற்பட்ட உதிரிகளையும் மேசையில் பரப்பிவிட்டு, ஆறு மாதத்தில் சோர்ந்துபோய், எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அள்ளிப் போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பெட்டிகளைத் திறந்து ஒன்றுசேர்ப்பதைவிடத் துன்பமான வேலை இந்தத் துறையில் இல்லை. முதலில் கீழ்ப்பகுதியை மட்டும் முடியுங்கள். ஒடிந்துபோகும் ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக, பழையதை உருவியவுடன் அதே இடத்தில் புதியதைப் பொருத்தி, மாற்றுங்கள். அதன் பிறகு மேற்பகுதியை ஒரு தட்டு முடித்து அடுத்த தட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கருவி நடுநடுவே ஒலித்துக்கொண்டிருந்தால்தான் கைக்கும் மனத்துக்கும் தெம்பு வரும்.

உங்களுடையது ரப்பர்க் குழாய் என்பது நல்லதே. ஈயக் குழாய்கள் உள்ள கருவிகள் பல. அவற்றின் மீது வெண்பொடி படிந்திருந்தால் அது நஞ்சு. உப்புத்தாளால் தேய்க்காமல், கையுறையும் முகமூடியும் அணிந்து, குழந்தைகள் நடமாடாத இடத்தில்தான் அதைக் கையாள வேண்டும். உங்கள் கருவியிலும் சாம்பல்நிற வார்ப்பு உலோகத்தால் ஆன வளைமூட்டுகள் இருந்தால் கவனமாக இருங்கள். துத்தநாகக் கலவையால் வார்த்த அந்தப் பாகங்கள் காலப்போக்கில் உப்பி, வெடித்து, கைபட்டால் நொறுங்கிவிடும். ஒட்டிச் சரிசெய்ய இயலாது, மாற்றத்தான் வேண்டும்.

பித்தளைப் பட்டையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை துளைகள் என்று எண்ணிப் பாருங்கள். 1908-ஆம் ஆண்டு தயாரிப்பாளர்கள் பஃபலோ நகரில் கூடி, 88 சுரச் சுருளுக்கு அங்குலத்துக்கு 9 துளைகள், 65 சுரச் சுருளுக்கு 6 துளைகள், இரண்டுக்கும் அகலம் பதினொன்றேகால் அங்குலம் என்று முடிவு செய்தார்கள். உங்களுடையது ஒன்பதாக இருந்தால் இன்றும் புதிய சுருள்கள் கிடைக்கும். சோதனைக்கு வீட்டிலிருக்கும் பழைய சுருளை மாட்டாதீர்கள். நொறுங்கும் காகிதம் ஒருமுறை ஓரம் கிழிந்தால் சீராக ஓடாது.

தச்சுமேசை எழுதியது:

ஒன்பது துளைகள்தான், எண்ணிவிட்டேன். ஒரு நேரத்தில் ஒரு தட்டு என்ற யோசனையை ஏற்றுக்கொண்டேன், ஆனால் எடுத்த தட்டில் எல்லாத் துணியையும் மாற்றிவிடுவேன். இருவரின் கருத்துக்கும் அதில் இடமிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏழு வாரங்களில் கீழ்ப்பகுதி முடிந்தது. புதிய தோல் மடல்கள், புதிய கனத்த துணி, அரக்கு பூசிய உட்பலகைகள். தக்கையால் அடைத்துச் சோதித்தபோது ஐந்தாவது மிதியில் கால் நின்றுவிட்டது. சேமத் துருத்தி முழுவதும் விரிய இருபத்திரண்டு வினாடி ஆயிற்று. மேல்தட்டின் முதல் சிறு துருத்தியையும் நேற்று முடித்தேன். அதை மூடி, காற்றுத்துளையை விரலால் அடைத்துக்கொண்டு பலகையை விரிக்க முயன்றால் துணி உட்பக்கமாகக் குழிந்து எதிர்க்கிறது. ஆனால் விடாமல் இழுத்தால் ஐந்தாறு வினாடியில் மெல்ல விரிந்துவிடுகிறது. இதைத் தட்டில் ஒட்டலாமா, மறுபடி செய்ய வேண்டுமா?

பழையசுருள் எழுதியது:

கீழ்ப்பகுதியின் இருபத்திரண்டு வினாடி மிக நன்று. முதல் முயற்சியில் எனக்கு அது கிடைக்கவில்லை.

சிறு துருத்தியை இன்னும் ஒட்டாதீர்கள். விரலின் ஓரத்தில் காற்று நுழைகிறதா என்று முதலில் பாருங்கள். துளையின் மேல் ஈரமான மெல்லிய தோல் துண்டை வைத்து அழுத்திவிட்டு மீண்டும் இழுங்கள். அப்போதும் விரிந்தால் கீல் பக்கத்தில் துணியின் முனைகள் சேரும் இடத்தைக் கன்னத்துக்கு அருகில் வைத்துத் துருத்தியை மெதுவாக அமுக்குங்கள். கசிவு இருந்தால் கன்னத்தில் காற்று படும். பெரும்பாலும் அந்த மூலையில்தான் பசை எட்டியிருக்காது. வெந்நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் ஒரு நிமிடம் வைத்தால் வச்சிரம் இளகும். தூரிகை நுனியால் சிறிது புதுப் பசையை உள்ளே விட்டு, விரலால் அழுத்திப் பிடியுங்கள். மறுநாள் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகு இரண்டாவதைத் தொடங்கலாம்.